காற்று கூடினால் பட்டம் சிறுக்க வேண்டும்

ஜொகூரின் மேற்குக் கரையில், பொந்தியான் கடல் பெரும்பாலும் சாந்தமானது. காற்று வந்தால் மட்டும் ஒரேயடியாக வரும். மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வந்து மோதும் ‘சுமத்ரா’ சூறை மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசிவிட்டு, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இடி மின்னலோடு வரும் அந்தச் சூறையில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் நிற்பது உயிருக்கே ஆபத்து.

ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர் 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும், பட்டம் இழுக்கப் பலகையில் கடலில் பாயும் ‘ஃபார்முலா கைட்’ போட்டியில் உலகச் சாம்பியன் ஆனவர். பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் மார்செய்லில் நடந்தபோது அவருக்கு வயது 17. காற்று போதாமல் பதக்கச் சுற்று தள்ளிப்போக, சிங்கப்பூரின் தேசிய தினமான ஆகஸ்ட் 9 அன்று வெண்கலம் வென்றார். தங்கம் ஆஸ்திரியாவின் வாலன்டின் பொன்டுஸுக்கு.

மென்காற்றில் ஓட்டுபவரின் கவலை, வேகம் குறைந்து பலகை தண்ணீரில் உட்கார்ந்துவிடுமோ என்பது. பலத்த காற்றில் கவலை நேரெதிர். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் பட்டத்தின் இழுவிசை இரண்டே கால் மடங்காகிறது. பலகைக்கு அடியில், சுமார் ஒரு மீட்டர் தண்டின் முனையில் இருக்கும் இறக்கையின் தூக்குவிசையும், பலகையின் வேகம் கூடக் கூட, இதே கணக்கில்தான் ஏறும்.

பலகை மேலே மேலே எழும்பப் பார்க்கும். முன்காலில் எடையைப் போட்டு அழுத்தாவிட்டால் இறக்கை நீர்மட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அது காற்றை உள்ளிழுத்த கணத்தில் தூக்குவிசை அறுந்து, ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் தண்ணீர் கல்லாக அறையும்; கீழே கத்தியாய் அந்த இறக்கையும் இருக்கிறது.

ஆகவே, பாதிப் போட்டி கரையிலேயே முடிந்துவிடுகிறது. ஆண்கள் மென்காற்றில் 23 சதுர மீட்டர் பட்டம் வரை ஏற்றுவார்கள். காற்று வலுத்தால் அதில் பாதிக்கும் குறைவானதே போதும். துணிச்சலைக் காட்டப் பெரிய பட்டத்தோடு இறங்குபவர், அதை அடக்குவதிலேயே கைவலுவை இழந்து, திருப்பங்களில் தடுமாறுவார்.

பொந்தியானில் இந்த வித்தையைப் பழக முடியாது. நீர் வற்றும்போது சேற்றுத்திட்டு வெகுதூரம் விரியும். ஒரு மீட்டர் தண்டுக்கு அங்கே ஆழம் ஏது? ஜொகூரின் கிழக்குக் கரையில், டெசாருவிலும் மெர்சிங்கிலும், நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று சுமத்ரா சூறையைவிடச் சீராக வீசுகிறது. அந்த மாதங்களில் மேற்குக்கரைப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய் வர, மாநில விளையாட்டு மன்றம் ஒரு பேருந்தும் மீட்புப் படகும் ஏற்பாடு செய்யலாம்.