செஞ்ஞாயிறும் வெள்ளைப் பெண்ணும்

'குறுக்குவெட்டு' என்ற சொல்லைப் பல ஆண்டுகளாகக் கருத்தரங்கக் கட்டுரைகளில் எழுதிவருகிறேன். சாதி, வர்க்கம், பாலினம் என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் அதை வைத்தால் வாக்கியம் நிறைவாக முடிந்துவிடும். கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய மூலக் கட்டுரையை முதுகலை வகுப்புக்காக மொழிபெயர்க்க உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையும் வேலை இழந்த பெண்களும் இருப்பது உறைத்தது. கவிதை எழுதுகிறவள் என்பதால் உருவகம் மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது. வழக்கு படவில்லை.

அந்த வழக்கின் பெயர் 'டிகிராஃபென்ரீட் எதிர் ஜெனரல் மோட்டார்ஸ்'. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்தது. 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் ஆட்குறைப்புக்கு ஆளானார்கள் என்று கிரென்ஷா சுருக்கிச் சொல்கிறார். ஆட்குறைப்புக்கு விதி ஒன்றுதான்: கடைசியில் வந்தவர் முதலில் வெளியே போக வேண்டும். அந்த விதியில் நிறமும் இல்லை, பாலினமும் இல்லை.

1976இல் வந்த தீர்ப்பை ஒரு பிரதியாக வாசித்துப் பார்த்தேன். பாலினப் பாகுபாடு என்கிறீர்களா? 1964க்கு முன்பே நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது. இனப் பாகுபாடு என்கிறீர்களா? அதே நிறுவனத்தின் மீது வேறொரு வழக்கு நடக்கிறது, அதில் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து நீதி கேட்கிறீர்களா? அப்படியொரு தனிப் பிரிவைச் சட்டம் இயற்றியவர்கள் நினைக்கவில்லை, அனுமதித்தால் பண்டோராவின் பெட்டி திறந்துவிடும். தீர்ப்பின் போக்கு இதுதான். முன்பு எடுக்கப்பட்ட அந்தப் பெண்கள் வெள்ளையர்கள் என்பது நீதிமன்றத்துக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

இந்த இடத்தில் எனக்கு உதவிக்கு வந்தது நம் இலக்கண வகுப்பு. 'செந்தாமரை' என்பதில் வரும் அடை இனமுள்ள அடை. வெண்டாமரையும் உண்டென்பதால் அது ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறது. 'செஞ்ஞாயிறு' என்பதில் வருவது இனமில்லா அடை; கறுப்பு ஞாயிறு என்று ஒன்று இல்லாததால் அது எதையும் பிரிக்கவில்லை, விட்டுவிட்டாலும் குறையில்லை. அந்த நீதிமன்றத்துக்கு வெள்ளைப் பெண் செஞ்ஞாயிறாக இருந்திருக்கிறாள். 'வெள்ளை' என்று சொல்லவே தேவையில்லை, 'பெண்' என்றால் போதும். கறுப்பினப் பெண்ணுக்கு மட்டும் அடை ஒட்டிக்கொண்டே வருகிறது. இலக்கணத்தில் 'இனம்' என்றால் வகை என்றுதான் பொருள், நிறத்தைக் குறிக்கும் இனம் அல்ல. ஆனாலும் அந்தச் சொல்லை என்னால் சும்மா கடக்க முடியவில்லை.

ஹியூஸ் ஹெலிகாப்டர்ஸ் நிறுவனத்துக்கு எதிராக மூர் என்ற கறுப்பினப் பெண் தொடுத்த வழக்கில், 1983இல், இதற்கு நேர் எதிரான கதவு சாத்தப்பட்டது. நீ கறுப்பினப் பெண்ணாகத்தானே முறையிட்டிருக்கிறாய், எல்லாப் பெண்களுக்குமாக எப்படிப் பேச முடியும் என்றது நீதிமன்றம். முன்னவர்களிடம் நீங்களும் பெண்கள்தானே என்றார்கள்; இவரிடம் நீ வேறு என்றார்கள். வெள்ளைப் பெண்ணொருத்தி பதவி உயர்வு கேட்டு வழக்குப் போட்டால், அவள் வெள்ளைப் பெண்களுக்காக மட்டும் பேசுகிறாள் என்று யாரும் தடுப்பதில்லை. கிரென்ஷாவின் கட்டுரையில் மிகக் கூர்மையான பகுதி இதுதான். நம் மேடைகளில் இதை யாரும் மேற்கோள் காட்டிக் கேட்டதில்லை.

எல்லோரும் எடுத்தாள்வது நாற்சந்தியைத்தான். நான்கு பக்கமிருந்தும் வண்டிகள் வருகின்றன, நடுவில் விபத்து. எந்த வண்டி இடித்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் ஆம்புலன்ஸை அழைப்போம் என்பதுபோல் இருக்கிறது சட்டம் என்கிறார். அழுத்தமான படிமம். ஆனால் அதில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. விபத்து ஒரு நொடியில் நடந்துவிடுவது. பணிமூப்புப் பட்டியல் அப்படியல்ல. நிறுவனம் கதவைச் சாத்திவைத்திருந்த ஆண்டுகள் எல்லாம் அந்தப் பட்டியலில் மற்றவர்களின் சர்வீஸாக ஏறியிருக்கின்றன. காயம் பட்டது 1970களில், வண்டி கிளம்பியது அதற்கு வெகு முன்னால். சாலையில் தடம் தேடினால் அது கிடைக்காது.

இதைக் குறை என்று நான் சொல்வதற்குக் காரணம் 1977இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு. கீழ்நீதிமன்றத்தின் வாதத்தை முழுமையாக ஏற்க முடியாது என்று மேல்நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதோடு நின்று வாசித்தால் வெற்றிபோலத் தோன்றும். ஆனால் அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், உள்நோக்கமின்றி அமைந்த பணிமூப்பு முறை பழைய பாகுபாட்டின் விளைவை நீட்டித்தாலும் சட்டவிரோதமல்ல என்று தீர்ப்பளித்திருந்தது. அதைக் காட்டிப் பணிமூப்புக்கு எதிரான கோரிக்கை தள்ளுபடியானது. இனத்தையும் பாலினத்தையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்ற வாதம் ஆட்டம் கண்ட பிறகும் பட்டியல் அசையவில்லை.

பணிமூப்பை நான் வெறுப்பவள் அல்ல. அது இல்லாத இடத்தில் மேலாளருக்குப் பிடித்தவர் இருப்பார், பிடிக்காதவர் போவார். அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் அதற்காகப் போராடியதில் நியாயம் உண்டு. அதனால்தான் இந்த வழக்கு வலிக்கிறது. தொழிலாளியைக் காக்க வந்த விதியே, உள்ளே வர விடாமல் நிறுத்தப்பட்டவர்களை முதலில் வெளியே அனுப்பியது.

வகுப்பில் கட்டுரையை முடித்ததும், உருவகம் பற்றித்தான் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"அம்மா, அப்ப அந்த அஞ்சு பேருக்கும் வேலை திரும்பக் கிடைச்சதா?"

"இல்லம்மா, அந்தக் கேஸ்ல கிடைக்கல."

"அறுபத்துநாலுக்கு முன்னாடி சேர விட்டிருந்தா, லிஸ்ட்ல மேல இருந்திருப்பாங்கல்ல?"

ஆமாம் என்றேன். மொழிபெயர்ப்பின் முதல் படியில் 'குறுக்குவெட்டு'க்கு ஒரு பக்கம் அடிக்குறிப்பு எழுதியிருந்தேன்; பணிமூப்புக்கு ஒரே வரி. இரண்டாம் படியில் அந்த ஒரு வரி இரண்டு பக்கமாகியிருக்கிறது. முதல் அடிக்குறிப்பை வெட்டிவிட்டேன்.