முட்டியும் கலயமும்

பெங்களூரில் சொந்தமாக பீர் காய்ச்சும் ஒரு கடையில் நண்பர் எனக்கு ஆம்பர் லாகர் வாங்கித் தந்தார். பனங்கற்கண்டுப் பாகின் நிறம், மேலே ஒரு விரல்கடை நுரை. "அவசரப்படாதே, முதலில் மோந்து பார். சுட்ட ரொட்டி வாசனை வருதா? விழுங்கின பிறகு லேசாகக் கசக்கும்" என்றார். அவர் சொன்னபடியே வாசனையும் வந்தது, கசப்பும் வந்தது. 1841-இல் வியன்னா அருகே ஆன்டன் டிரெஹர் வார்த்த பீர்தான் இதற்கெல்லாம் பாட்டன். பக்குவமாகச் சூடேற்றிய மால்ட்டில் நிறம் வருகிறது, வாரக்கணக்கில் குளிரில் கிடந்து தெளிகிறது. எல்லாம் சரி. ஆஸ்திரியாக்காரன் பானத்துக்கு இத்தனை சொல் பழகிய நாக்கு, நம் பனங்கள்ளைப் பற்றி என்ன சொல்லும் என்று யோசித்தேன். "புளிக்கும்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

என் தாத்தாவுக்கு வந்திருக்கும். அவர் கள்ளை மரத்தின் பெயர் சொல்லித்தான் பேசுவார்: கிணற்றடிப் பனை இனிப்பு, மேட்டுப் பனை கொஞ்சம் துவர்ப்பு. அப்பா காலத்தில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கினால் குற்றம். நான் முதன்முதலில் குடித்தது ஒரு பனங்காட்டில், பெயிண்ட் வாளியிலிருந்து மொண்ட பிளாஸ்டிக் டம்ளரில். ஒரு கண் டம்ளரில், ஒரு கண் ரோட்டில். அப்படிக் குடிக்கிறவன் ருசி பார்க்க முடியாது. மடக் மடக்கென்று இறக்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நடக்கத்தான் முடியும்.

ருசி என்று நமக்கு மிஞ்சியிருப்பது பதநீர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதிக்காது; சட்டமும் சும்மா இருக்கும். திருச்செந்தூர் சாலையில் ஓலைப்பட்டையில் நுங்கு வழித்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். நல்ல பானம்தான். ஆனால் அந்தச் சுண்ணாம்பு வாடை நாக்கின் அடியில் கடைசிவரை நிற்கும்.

யாழ்ப்பாணத்தில் இதே பதநீருக்குக் கருப்பணி என்று பெயர். அங்கே கலயம் முட்டி ஆகிறது, பனையேறி சீவல் தொழிலாளி ஆகிறார், கள்ளுக்கடை தவறணை ஆகிறது. ஐரோப்பியரின் 'டாவர்ன்'தான் தவறணை. தமிழ் அதை அப்படியே விழுங்கிச் செரித்துவிட்டது. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணைகளை நடத்துகின்றன. சீவுகிறவர் சங்கத்தில் அளந்து ஊற்றுகிறார், குடிக்கிறவர் வெளிச்சத்தில் உட்கார்ந்து குடிக்கிறார். இரண்டு கரைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பட்டவரை இந்த உட்கார்தல்தான்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு தவறணை. காலை ஏழரை மணி. இரவெல்லாம் பாளையிலிருந்து சொட்டியதை அப்போதுதான் இறக்கியிருந்தார்கள். முட்டியில் ஒட்டியிருக்கும் பழைய கள்ளின் ஈஸ்ட், முதல் சொட்டு விழுந்ததுமே வேலையைத் தொடங்கிவிடுகிறது. கள்ளுக்குக் காய்ச்சலும் இல்லை, வாரக்கணக்கான காத்திருப்பும் இல்லை. செத்த தேனீக்களையும் எறும்புகளையும் பன்னாடையில் வடிகட்டினார்கள். நல்லதை ஒழுகவிட்டுக் கசட்டைப் பிடித்துக்கொள்கிற இந்தப் பன்னாடையைத்தான் நன்னூல் மோசமான மாணவனுக்கு உவமை சொன்னது. வாத்தியார்கள் அதைத் திட்டாக்கிவிட்டார்கள். பாவம், தவறணையில் அதன் வேலையே அதுதான்.

ஓலையை மடித்துக் கட்டிய பிளாவில் ஊற்றித் தந்தார் பெரியவர் ஒருவர். "உடன் கள்ளு தம்பி. மெல்லமாக் குடியுங்கோ."

அரிசி களைந்த தண்ணீர் போல வெண்கலங்கல். முதலில் பச்சை ஓலை வாசனை, அது பிளாவினுடையது. அடுத்து இளநீரை விடக் கனமான ஓர் இனிப்பு. அது அடங்குமுன் நாக்கில் சுறுசுறுவென்று ஒரு குத்தல்; சோடா மாதிரி அல்ல, ஊசிமுனையால் தொட்டது போல. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்லிய புளிப்பு, கடைசியாக மோர் வாடை. "இது ஆண்பனை. கொஞ்சம் காரமா இருக்கும்" என்றார் பெரியவர். எனக்குக் காரம் தெரியவில்லை. அவர் நாக்கை நம்பினேன். பக்கத்தில் ஒருவர் ஆட்டு இரத்த வறையைத் தொட்டுக்கொண்டு, அரைப் பிளாவை அரை மணி நேரம் வைத்திருந்தார்.

மாலையில் அதே தவறணைக்குப் போனேன். காலையில் இறக்கியதில் மீந்தது வேறு பானமாகியிருந்தது: இனிப்பு போய்விட்டது, புளிப்பு ஏறிவிட்டது, வீரியம் பீர் அளவுக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு நாள் வைத்தால் காடி.

யாழ்ப்பாணத்தைத் தூக்கிப் பிடிக்க எனக்கு ஆசையில்லை. சீவுகிறவரின் சாதியைச் சொல்லி ஒதுக்கிவிட்டு, அவர் சீவியதை மட்டும் வாசல்வரை வரவழைத்துக் குடித்த ஊர் அது; நம் ஊரும் அதேதான். சங்கத்தின் போத்தல் கள்ளையும் குடித்துப் பார்த்தேன். கெடாமலிருக்கச் சூடுபடுத்தியதில் அந்த ஊசிமுனைக் குத்தல் செத்துப்போயிருந்தது.

தென்னிலங்கையில் கதை வேறு. வாத்துவ, களுத்துறைப் பக்கம் தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி அதன்மேல் நடந்தே சீவுகிறார்கள். கள்ளில் பெரும்பகுதி சாராயமாகிறது. கேரளத்தில் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கி, இறக்கியதைக் கப்பையோடும் மீன் கறியோடும் கள்ளாகவே குடிக்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் அதற்காகப் பாலக்காடு போய்வருவது ஊரறிந்த விஷயம்.

தமிழ்நாட்டின் கள் தடை குடிக்காதவர் தட்டிலும் தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் அப்பமாவு கள்விட்டுப் புளிக்கும். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் லேசான கள்வாசனை. நம் ஊர் அப்பத்துக்கு ஆப்பசோடா.

நொதிக்காத தென்னை நீராவுக்குத் தமிழ்நாடு அரசு 2017-இல் வழிவிட்டது. டாஸ்மாக்கில் லாகர் பீர் கேட்டால் கிடைக்கும். நம் மாநில மரமான பனையிலிருந்து, ஏறக்குறைய அதே வீரியத்தில் வடிவதற்கு மட்டும் வழக்கு. இதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

யாழ்ப்பாணம் போகிறவர்கள் எட்டு மணிக்குள் தவறணைக்குப் போய்விடுங்கள். டம்ளர் வேண்டாம், பிளாவில் கேளுங்கள்.