பெயரின்மையும் அந்தரங்கமும்: பாட்டுக் கேட்பவரின் இணையத் தடங்கள்

தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரம் 1943இல் இளையராஜா பிறந்த ஊர். அவருடைய பாடல்கள் இசையமைத்தவருக்கு உரியனவா, இசை நிறுவனங்களுக்கு உரியனவா என்னும் வழக்குகள் நீதிமன்றங்களில் நெடுங்காலமாக நிகழ்ந்துவருகின்றன. அப்பாடல்களை ஒருவர் கேட்டார் என்னும் செய்தி யாருக்கு உரியது என்ற வினா அந்த அளவுக்கு எழவில்லை.

இலங்கை வானொலிக்கு அஞ்சலட்டை எழுதிய நேயர், தம் பெயரையும் ஊரையும் தாமே விரும்பி வெளியிட்டார். ஊர்ப்பெயர் காற்றில் ஒலிக்கவேண்டும் என்பதற்காகவே எழுதியோரும் உண்டு. எழுதாமல் கேட்டவர் யார் என்பதை நிலையம் அறிய வழியில்லை. இன்று யூடியூபில் அதே பாடலைக் கேட்பவர் எதையும் எழுதுவதில்லை; ஆனால் அவரைப் பற்றி எழுதப்படுகிறது. உள்நுழைந்து கேட்டால், அமைப்பை மாற்றாதவரை, பாடல் அக்கணக்கின் வரலாற்றில் சேர்கிறது. உள்நுழையாவிடினும் உலாவியில் குக்கி வைக்கப்படுகிறது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுலி உருவாக்கிய குக்கி, வாங்குபவரின் கூடையை ஒரு கடைத்தளம் நினைவில் கொள்வதற்காக எழுந்தது. பின்னர் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் பல தளங்களில் இடம்பெற்றது. பாட்டுக்கும் செய்திக்கும் நோய்க்குறிப்புக்கும் சென்றவர் ஒருவரே என்பது அந்நிறுவனத்துக்குப் புலனாயிற்று.

‘பெயரை நாங்கள் அறியோம், ஓர் எண்ணை மட்டுமே அறிவோம்’ என்பது இத்தொழிலார் பொதுவாக முன்வைக்கும் வாதம். அகப்பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. இரண்டும் மேலோட்டத்தில் ஒன்றுபோல் தோன்றலாம். ஆனால் அகமரபு பெயரை நீக்கி உணர்வைப் பொதுமையாக்குகிறது. அத்தலைவி எவளாகவும் இருக்கலாம். கண்காணிப்பு நிரலோ பெயரை நீக்கிய பின்னும் ஒருவரை ஏனைய அனைவரிடமிருந்தும் பிரித்தெடுத்து நிறுத்துகிறது. எனவே பெயரின்மையை அந்தரங்கத்துக்குச் சான்றாகக் காட்டுவது ஏற்கத்தக்கதன்று.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் அறிவிப்பைத் தமிழிலும் பெறும் வாய்ப்பை அளிக்கிறது, இது பாராட்டத்தக்கது. பதினெட்டு வயது நிறையாதோரின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அச்சட்டம் தடுக்கிறது. ஆயினும் ஒரு கைபேசிக்கு ஒருவர் என்ற எண்ணமே இவ்விதிகளுக்கு அடியில் உள்ளது. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலும் பிறவிடங்களிலும் ஒரே கைபேசியில் பாட்டி பழம்பாடல் கேட்பாள், தந்தை ஏலக்காய் விலை பார்ப்பார், மகள் பாடம் படிப்பாள். கணக்கு தந்தையுடையது, ‘ஏற்கிறேன்’ என அழுத்தியவரும் அவரே. அவ்வொப்புதல் பாட்டிக்கு எங்ஙனம் பொருந்தும்? மகளைக் கண்காணிக்கலாகாது என்னும் விதியைக் காக்க வேண்டுமெனில், அந்நேரம் கைபேசியைப் பிடித்திருப்பது மகளே என்பதை நிறுவனம் முதலில் கண்டறிந்தாக வேண்டும். அதற்கோ அவ்வீட்டார் அனைவரையும் இன்னும் நுணுகிக் கவனிக்க நேரும்.