எல்லா வயிற்றுக்கும் ஒரே வில்வப்பொடி

காளஹஸ்தியில் நின்று வில்வத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது கொஞ்சம் துணிச்சலான காரியம். தெலுங்கில் மாரேடு என்பார்கள். சிவனுக்கு உகந்த இலை. பூஜைத் தட்டில் இருப்பதே மருந்தாகவும் வரும்போது வாங்குகிறவர் லேபிளைப் படிப்பதில்லை. கோயில் ஊர்களிலும் இணையக் கடைகளிலும் இன்று கிடைக்கிற வில்வப்பொடி, வில்வ ஜூஸ், வில்வ மாத்திரை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வாக்குறுதிதான்: பேதி நிற்கும், மலச்சிக்கல் தீரும், வாயு போகும், அல்சர் ஆறும். ஒரே பொடி கட்டவும் செய்யுமாம், இளக்கவும் செய்யுமாம். எப்படி என்று கேட்டால், ஆயிரம் வருஷமாக நம் முன்னோர் சாப்பிட்டது என்று பதில் வருகிறது. அந்தப் பதிலோடுதான் எனக்கு வழக்கு.

வில்வம் மருந்துதான். பேதிக்கு வில்வக்காய் என்பதை 1868இல் வெளியான இந்திய மருந்து நூலில் வெள்ளைக்காரர்களே சேர்த்துக்கொண்டார்கள். 2009இல் மும்பை ஆய்வாளர்கள் பச்சைக்காய்க் கஷாயத்தை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். சோதித்த ஆறு வகை பாக்டீரியாக்களில் ஒன்றையும் அது கொல்லவில்லை. ஆனால் அவை செல்களில் ஒட்டுவதையும் உள்ளே நுழைவதையும் குறைத்தது, காலரா நச்சு உருவாவதையும் பாதித்தது. ரோட்டா வைரஸையும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியையும் நேரடியாகவே தாக்கியது. நோயாளிகளிடம் நடந்த சோதனை இல்லை என்றாலும், பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாத விஷயம் இது.

இதைவிட முக்கியமானது 1989இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்த ஆய்வு. குடல் எரிச்சல் நோய் உள்ள 169 பேரில் சிலருக்கு வில்வமும் நீர்ப்பிரமியும் சேர்ந்த மருந்து, சிலருக்கு வழக்கமான ஆங்கில மருந்து, சிலருக்கு வெறும் போலி மாத்திரை. ஆறு வாரத்தில் வில்வக் கூட்டு மருந்து 64.9 சதவீதம் பேருக்குப் பலன் தந்தது, ஆங்கில மருந்து 78.3, போலி மாத்திரை 32.7. விற்பனையாளர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். மீதியும் இருக்கிறது. வில்வக் கூட்டு குறிப்பாக உதவியது பேதி மிகுந்த வகைக்கு. வலி மிகுந்த வகைக்கு மற்ற மருந்தே மேல். ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது, நோய் திரும்ப வருவதைத் தடுப்பதில் இரண்டுமே போலி மாத்திரையைவிட மேலாக இல்லை. யாருக்கு, எந்த நிலையில், எவ்வளவு நாள் என்ற கேள்விகளுக்கெல்லாம் இங்கே பதில் இருக்கிறது. பாட்டிலில்தான் இல்லை.

இந்தப் பாகுபாடு நவீன ஆய்வு கண்டுபிடித்ததும் அல்ல. முன்னோர் சொன்னதே அதுதான். மற்ற பழமெல்லாம் கனிந்தால் குணம் கூடும், வில்வம் மட்டும் காயாக இருக்கும்போதே குணம் மிகுந்தது என்கிறது பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூல். பழுத்த வில்வம் செரிக்கக் கடினம், தோஷங்களைக் கிளப்பும், நாற்றமுள்ள வாயுவை உண்டாக்கும் என்று சரகர் எழுதிவைத்திருக்கிறார். (காளஹஸ்தி என்ற வாயுத் தலத்தில் விற்கிற சரக்குக்குப் பொருத்தமான எச்சரிக்கை.) ஒடிசாவில் சித்திரைப் பிறப்பன்று பழுத்த வில்வத்தில் பானகம் கரைத்துக் குடிக்கிறார்கள். அது வெயிலுக்கான பானம், வைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. வேர் தசமூலத்தில் சேரும். வில்வாதி லேகியம் வேரிலிருந்து காய்ச்சுவது, வாந்திக்கும் அருசிக்கும். பெயரில் அதற்கு அண்ணன் தம்பி போல இருக்கிற வில்வாதி குளிகை விஷக்கடிக்கு. மத்திய அரசின் ஆயுர்வேத மருந்து நூல்கூட வில்வம் என்ற மருந்தைக் காயின் அல்லது அரைப்பழத்தின் சதை என்றே வரையறுக்கிறது. கடையில் விற்கிற, இலையைக் காயவைத்து அரைத்த பொடிக்கு இந்தப் பெருமையை எல்லாம் ஏற்றிச் சொல்வது எந்த சாஸ்திரம்?

இன்னும் கடுமையான நிபந்தனை ஒன்று உண்டு. ஆமம், அதாவது செரிக்காத கழிவு, இருக்கிற பேதியை ஆரம்பத்திலேயே கட்டக்கூடாது, கட்டினால் வயிறு உப்பி வேறு நோய்கள் வரும் என்கிறார் சரகர். ரத்தமும் காய்ச்சலுமாகப் போகிற பேதியை லோபரமைடு போன்ற பேதி நிறுத்தும் மாத்திரை கொடுத்து நிறுத்தாதே என்று இன்றைய டாக்டர் சொல்கிற எச்சரிக்கைக்கு மிக அருகில் இருக்கிறது இது. வைத்தியர் நாடி பார்த்து, மலத்தை விசாரித்து, எந்த நிலை என்று முடிவு செய்த பிறகே வில்வம் வரும். அதுவும் பெரும்பாலும் தனியாக வராது. விளாங்காய், வில்வம், புளியாரை, மோர், மாதுளை சேர்த்துக் கஞ்சி காய்ச்சச் சொல்கிறது சரக சம்ஹிதை. நீரும் மாவும் உள்ளே போகிற மருந்து. அந்த நீரின் அருமை நம் காலத்திலும் தெரிந்தது. 1971இல் பங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொடுத்துக் காலராச் சாவை ஏறக்குறைய 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். பேதியில் குழந்தையைக் கொல்வது நீரிழப்பு. ஸ்பூன் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் சரகரையும் கேட்கவில்லை, மகலனாபிஸையும் கேட்கவில்லை.

சட்டம் என்ன செய்கிறது? அதன் அட்டவணையில் உள்ள பழைய நூலின்படி மருந்து செய்தால், அது வேலை செய்கிறதா என்று நோயாளிகளிடம் சோதித்துக் காட்ட வேண்டியதில்லை, நூலே சான்று. சரி, அப்படியானால் நூலின் நிபந்தனையும் லேபிளில் வர வேண்டாமா? உரிமத்துக்கு சரகர் வேண்டும், விற்பனைக்கு வேண்டாம். ஆயுர்வேத விளம்பரங்களுக்கு முன் அனுமதி கேட்ட 170ஆம் விதி 2018இல் வந்தது. 2024 ஜூலையில் ஆயுஷ் அமைச்சகமே அதை நீக்கியது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டில் அந்த வழக்கு முடிந்தபோது நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவும் போயிற்று. உணவுப் பொருள் என்ற பெயரில் விற்றால் நோயைத் தீர்க்கும் என்று சொல்லவே கூடாது, ஆனால் கடைக்காரர் வாய்க்கு ஏது லேபிள்?

ஆங்கில மருந்துக்காரர்கள் யோக்கியமா என்று உடனே கேட்பார்கள். இல்லைதான். ஆன்டிபயாடிக்கை மிட்டாய் போல எழுதித் தருகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அதனால் இலைப்பொடி காய்மருந்து ஆகிவிடாது.

காளஹஸ்திக்கு அதிகத் தூரமில்லாத திருப்பதியில், திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்துகிற ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. நரசிங்கபுரத்தில் மருந்து செய்கிற கூடமும் இருக்கிறது. தேவஸ்தானம் பக்தர்கள் நம்புகிற பெயர். மரத்தின் எந்தப் பாகம், காயா பழமா, எந்தப் பேதிக்கு, எத்தனை நாள், எப்போது நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஐந்து வரியைத் தமிழிலும் தெலுங்கிலும் அச்சடித்து ஒட்ட அவர்கள் முன்வந்தால் மற்றவர்களும் வழிக்கு வருவார்கள். அதுவரை, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், விடாத காய்ச்சல் இருக்கிறவர்கள் வில்வத்தை சுவாமிக்குச் சாத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.