தமிழ்ப் பேய்ப்பாட்டுகள்

தமிழ்த் திரைப்படங்களில் ஆவியின் குரலாகவோ, ஆவி என்று நம்பவைக்கப்படும் ஒருத்தியின் குரலாகவோ ஒலிக்கும் பாடல்களைப் பேய்ப்பாட்டு எனலாம். 1960களில் இவ்வகை தமிழில் வேரூன்றியது. நல்ல பேய்ப்பாட்டு கேட்பவரை மிரட்டுவதில்லை, அழைக்கிறது. பிற்காலப் பேய்ப்படங்கள் இழந்தது இந்த அழைப்பையே.

மேற்கில் அக்டோபர் 31 ஹாலோவீன் இரவுக்கென்றே ராக், பங்க் பாடல்கள் உண்டு. ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்துவந்து மேடையில் பாடினார். பிளாக் சபாத் 1970இல் கனத்த கிதார் ஒலியால் அச்சத்தை உருவாக்கியது. மிஸ்ஃபிட்ஸ் 1981இல் 'ஹாலோவீன்' என்ற பெயரிலேயே பாட்டு வெளியிட்டது. இவற்றில் பாடகனே பூதத்தின் வேஷம் கட்டுகிறான். அது ஒரு விளையாட்டு, அதில் கொண்டாட்டம் உண்டு. தமிழ்ப் பேய்ப்பாட்டில் வேஷமே கிடையாது. வெள்ளைப் புடவை, புகைமூட்டம், ஒரு பெண்குரல், அவ்வளவுதான்.

குரல்

இதன் முன்மாதிரி இந்தியிலிருந்து வந்தது. கமால் அம்ரோஹியின் 'மஹல்' (1949) படத்தில் கேம்சந்த் பிரகாஷ் இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு, ஆளில்லாத மாளிகையில் எங்கிருந்தோ கேட்கும் குரல் என்னும் அமைப்பை நிலைநாட்டியது. தமிழில் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) மறுபிறவிக் கதையை எடுத்துக்கொண்டது. விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையமைத்த தலைப்புப் பாடலைத் தனியாகக் கேட்டால் அது காதல் பாட்டு. படத்துக்குள் கேட்டால் முன்பிறவி கூப்பிடுகிறது.

இவ்வகையின் உச்சம் 'யார் நீ?' (1966). இந்தியில் வந்த 'வோ கௌன் தீ' (1964) படத்தின் தமிழ் வடிவம். மதன்மோகனின் மெட்டையே வேதா எடுத்துக்கொண்டார், பி.சுசீலா 'நானே வருவேன்' பாடினார். மெட்டு இரவல் என்பதால் இதைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. அவர்கள் சொற்களைக் கவனிப்பதில்லை. இந்திப் பாட்டில் கண்கள் மழையாய்ப் பொழிகின்றன, அது பிரிவுத் துயரம். தமிழில் அவள் வருவேன் என்கிறாள். ஒரு ஏகாரம் சேர்ந்ததும் புலம்பல் வாக்குறுதியாக மாறிவிடுகிறது. சுசீலா குரலில் எந்த நடுக்கத்தையும் காட்டவில்லை. குழந்தையைத் தூங்கவைப்பவளின் நிதானத்துடன் பாடுகிறார். அச்சம் அங்கிருந்துதான் வருகிறது.

அண்டை மொழி

'மணிச்சித்திரத்தாழ்' (1993) மலையாளப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடனக்காரி. எம்.ஜி.ராதாகிருஷ்ணன் இசையில் அவள் தமிழில் பாடுகிறாள். அதே கதை கன்னடத்தில் 'ஆப்தமித்ர' (2004), தமிழில் 'சந்திரமுகி' (2005) என வந்தபோது பேய் தெலுங்கு பேசியது. வித்யாசாகர் இசையில் பின்னி கிருஷ்ணகுமாரும் திப்புவும் பாடிய 'ரா ரா'வின் பொருள் தெரியாமலேயே தமிழ்நாடு அதைப் பாடியது. இந்தியில் 'பூல் புலையா' (2007) வந்தது, அதில் பேய்க்கு வங்காளி. எந்த ஊரிலும் பேய் உள்ளூர் மொழி பேசுவதில்லை, பக்கத்து வீட்டு மொழியே பேசுகிறது. பக்கத்து ஊரிலிருந்து கூட்டிவரப்பட்டு அரண்மனைக்குள் அடைக்கப்பட்டுச் செத்த பெண்ணுக்கு வேறு எந்த மொழியில் பாட வரும்? 'சந்திரமுகி' இதை உணர்ந்து செய்ததா என்பது ஐயத்திற்குரியது. ஜோதிகாவின் ஆட்டம் உணர்ந்திருக்கிறது.

பம்பை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தாருக்குப் பேய்ப்பாட்டு என்றால் சினிமா மட்டும் நினைவுக்கு வராது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மகாசிவராத்திரிக்கு மறுநாள் மயானக்கொள்ளை நடக்கிறது. காளி வேஷம் கட்டியவர்கள் சுடுகாட்டுக்கு ஓடுவார்கள். பம்பையும் உடுக்கையும் சிலம்பும் முழங்கும். மரத்தாலும் உலோகத்தாலும் ஆன இரண்டு முழவுகளைச் சேர்த்துக் கட்டியது பம்பை. அதன் ஒலியை நேரில் கேட்டவருக்கு எந்த ராக் கச்சேரியும் புதிதல்ல.

செஞ்சிப் பகுதியில் கள ஆய்வு செய்த மானுடவியலாளர் இசபெல் நபோகோவ், பேயோட்டும் பம்பைக்காரர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பம்பைக்காரர் அடித்தவுடன் பேயை விரட்டிவிடுவதில்லை. பாடிப் பாடி அதைப் பேசவைக்கிறார். நீ யார், எப்படிச் செத்தாய், என்ன வேண்டும் என்று கேட்கிறார். பதில் வந்த பிறகுதான் முடியை அறுத்து மரத்தில் ஆணியடிப்பது. 'யார் நீ?' என்ற படத்தலைப்பு இந்த வட்டாரத்தில் ஒரு சடங்கின் கேள்வி.

'முனி' (2007), 'காஞ்சனா' (2011) முதலான படங்கள் இந்தக் கருவிகளின் மிரட்டலை எடுத்துக்கொண்டன, கேள்வியை விட்டுவிட்டன. 'காஞ்சனா'வில் ஒரு திருநங்கையின் கொலை கதையின் நடுவில் இருக்கிறது. சொல்ல அவளுக்கு எவ்வளவோ உண்டு. ஆனால் உச்சக்கட்டத்தில் தாளம் மேலேறி ஆட்டம் சூடுபிடிக்கும்போது அவள் குரல் அடியில் போய்விடுகிறது. திரையரங்கு விசிலடித்தது, அது பொய்யல்ல. வீட்டுக்கு வந்தபின் முணுமுணுக்க எதுவும் மிஞ்சவில்லை என்பதும் உண்மை. மிஷ்கினின் 'பிசாசு' (2014) விதிவிலக்கு. அதில் அரோல் கொரேலியின் வயலின் பழைய சுசீலாவின் வேலையைச் செய்கிறது.

மயானக்கொள்ளையை ஊடகங்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. அதே கோயிலில் ஒவ்வொரு அமாவாசை இரவும் நடக்கும் ஊஞ்சல் உற்சவம் இசை மாணவர்கள் கேட்கவேண்டியது. பேய் பிடித்ததாகச் சொல்லி அழைத்துவரப்பட்டவர்களும் நிற்கும் கூட்டத்தின் நடுவே, நள்ளிரவை ஒட்டி, அங்காளம்மனை ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிறார்கள். அப்போது பாடப்படுவது தாலாட்டு.