கேள்விக்குறி போட்டு மூடிய கடிதங்கள்

மின்னஞ்சல் கோப்புகளை இணையப் பக்கமாக மாற்றுவது எப்படி என்று தேடினால் கிடைக்கும் பைத்தான் நிரல் பெரும்பாலும் பத்து வரிக்குள் முடிந்துவிடும். இ.எம்.எல் கோப்பைத் திற, நிரலகத்திடம் கொடு, உடல் பகுதியைக் கேள், வருவதை எச்.டி.எம்.எல்லாக எழுதி வை. நானும் அதைத்தான் செய்தேன். ஒரு சில கோப்புகளைத் தவிர வேறெங்கும் பிழை வரவில்லை. அந்த 'பிழை வரவில்லை' என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

கோப்புகள் என் பெரியப்பாவுடையவை. 1999 முதல் 2004 வரை சிங்கப்பூரிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள். அப்பா அவற்றையெல்லாம் ஒரு சிடியில் ஏற்றி வைத்திருந்தார். பெரியப்பா போன பிறகு அவர் மகள், எனக்கு அக்கா முறை, "எல்லாத்தையும் போன்ல படிக்கிற மாதிரி பண்ணிக் குடுடா" என்று கேட்டாள். சிடியிலிருந்து பென் டிரைவுக்கு இழுத்து, நிரலை ஓட்டி, பக்கங்களை அனுப்பினேன். பிழை காட்டிய கோப்புகளை மட்டும் தனி அடைவில் போட்டு வைத்தேன். மற்றபடி வேலை முடிந்தது என்று பென் டிரைவைத் துடைத்துவிட்டேன். சிடி அதன்பிறகு எந்த டிரைவிலும் படிக்கவில்லை. என் முட்டாள்தனம்தான், மறைப்பதற்கில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள். "ஏண்டா, அப்பா பாதிக் கடுதாசில வெறும் கேள்விக்குறியா போட்டிருக்காரு?"

என்ன நடந்தது என்று புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இன்றைய மின்னஞ்சலின் அடிப்படை வடிவம் 1982-ல் வந்த ஆர்.எஃப்.சி 822. அதற்குத் தெரிந்தது ஆஸ்கியின் 128 இடங்கள் மட்டுமே. 1992-ல் மைம் வந்து, உள்ளே இருக்கும் எழுத்து எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்பதைத் தலைப்பு வரியில் சொல்ல ஒரு வழி ஏற்படுத்தியது. நல்ல ஏற்பாடு. ஆனால் சொல்வதற்குப் பெயர் வேண்டுமே! தொண்ணூறுகளின் கடைசியில் தமிழர்கள் மடலாடியது திஸ்கியில். கீழ்ப் பாதி ஆங்கிலம், மேல்ப் பாதி தமிழ் என்று 256 இடங்களைப் பங்கிட்டுக்கொண்ட குறியாக்கம் அது. இணையப் பெயர்ப் பதிவேடான ஐயானாவில் திஸ்கி ஏறியது 2007-ல். அதற்கு முன் எழுதிய கடிதம் தன் குறியாக்கத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ள வழியே இல்லை. அதனால் தலைப்பு வரியில் ஐ.எஸ்.ஓ 8859-1 என்றிருக்கும், அல்லது யு.எஸ்-ஆஸ்கி என்றிருக்கும், அல்லது 'எக்ஸ்-யூசர்-டிஃபைண்டு' என்று மழுப்பியிருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. வாங்கியவர் எழுத்துருப் பட்டியலில் ஒரு திஸ்கி எழுத்துருவைத் தேர்ந்தால் தமிழ் தெரியும். உண்மையான குறியாக்கம் கோப்புக்குள் இல்லை, படிப்பவரின் பழக்கத்தில் இருந்தது.

இப்போது நிரலகத்துக்கு வருவோம். பைத்தானோடு கூடவே வரும் மின்னஞ்சல் நிரலகம் இந்த நாலு வகைக் கடிதத்தையும் நாலு விதமாக நடத்தவில்லை, மூன்று விதமாக நடத்தியது.

'எக்ஸ்-யூசர்-டிஃபைண்டு' என்றிருந்தவற்றில், அப்படியொரு குறியாக்கம் எனக்குத் தெரியாது என்று சொல்லி நின்றுவிட்டது. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பார்த்தால் பத்திரமாகத் தப்பித்தவை அவைதான், தனி அடைவில் கிடந்தனவே.

ஐ.எஸ்.ஓ 8859-1 என்றிருந்தவை குப்பையாக வந்தன. 'தமிழ்' என்ற சொல் முக்கால் பின்னக் குறியாகவும், தலையில் கோடு போட்ட பெரிய ஏ ஆகவும், செண்ட் குறியாகவும், தலையில் கோடு போட்ட சின்ன யு ஆகவும் வரும். பழைய மடலாடல் குழுக்களில் இருந்தவர்களுக்கு இந்தக் கோலம் நன்றாகவே நினைவிருக்கும். பார்க்கத்தான் கண்ணறாவி, உள்ளே ஒன்றும் போய்விடவில்லை. 8859-1-ல் 256 பைட்டுக்கும் ஒன்றுக்கு ஒன்றாக எழுத்து உண்டு. திருப்பிப் போட்டால் அதே பைட்டுகள் கிடைக்கும். எச்.டி.எம்.எல் பக்கத்திலிருந்தே அவற்றை மீட்டு, திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினேன். ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் இதற்கு வழி இருக்கிறது. லினக்ஸின் ஐகான்வ் கருவிக்கும் திஸ்கி தெரியும். திஸ்கியில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால் போக வேண்டும். அந்த இடமாற்றத்தையும் இவை பார்த்துக்கொள்கின்றன.

மூன்றாவது வகைதான் போனது. குறியாக்கம் சொல்லாத கடிதத்தை நிரலகம் ஆஸ்கி என்று எடுத்துக்கொள்கிறது. ஆஸ்கியில் இல்லாத பைட் வந்தால்? உடல் பகுதியைத் தரும் 'கெட் கன்டென்ட்' என்ற செயற்கூறுக்குப் பிழை வந்தால் என்ன செய்வது என்று ஓர் அளபுரு உண்டு. அதன் இயல்பு மதிப்பு 'ரீப்ளேஸ்'. புரியாத ஒவ்வொரு பைட்டையும் எடுத்துவிட்டு, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் வெள்ளைக் கேள்விக்குறி ஒன்றை வைத்துவிடும். க-வும் அதே குறி, ழ்-உம் அதே குறி. திரும்பி வர வழியில்லை.

நிரலகத்தை எழுதியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அஞ்சலைத் திறந்து காட்டும் செயலிக்கு இது சரியான முடிவு. ஒரு பைட் புரியவில்லை என்பதற்காக மொத்தக் கடிதத்தையும் காட்டமாட்டேன் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? அங்கே மூலக் கோப்பு பெட்டியிலேயே இருக்கும், காட்டுவதில்தான் ஓட்டை. மாற்றி வைப்பவன் கதை வேறு. அவன் கையில் கடைசியில் மிஞ்சப்போவது மாற்றப்பட்டதுதான். இந்த இருவரில் யார் தன்னைக் கூப்பிடுகிறார் என்று நிரலகத்துக்குத் தெரியாது. தெரியாதபோது வாயை மூடிக்கொண்டு மாற்றுவதா, கத்துவதா? கத்தியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. கத்தாவிட்டாலும் முணுமுணுத்திருக்கலாம். கடிதத்தின் அமைப்பில் கண்ட குறைகளைக் குறித்து வைக்க 'டிஃபெக்ட்ஸ்' என்று ஒரு பட்டியலே அதில் இருக்கிறது. இந்த மாற்றீடு அதில் ஏறுவதில்லை.

'ஸ்ட்ரிக்ட்' என்று ஒரே ஒரு சொல் கொடுத்திருந்தால் நின்றிருக்கும், ஆவணத்திலும் அது இருக்கிறது. படிக்காதது என் தப்பு. ஆனால் ஊரெல்லாம் சுற்றும் அந்தப் பத்து வரி உதாரணங்களில் இந்தச் சொல்லை நான் ஒன்றில்கூடப் பார்க்கவில்லை. எழுதுபவர்கள் சோதித்துப் பார்ப்பது நேற்று வந்த அஞ்சலை வைத்து. அதில் யு.டி.எஃப்-8 என்று ஒழுங்காக எழுதியிருக்கும், எல்லாம் அழகாக வரும். படம் உடைவதைப் பற்றி எழுதுகிறார்கள். கடிதத்துக்குள் பொதிந்த படத்தை 'சிஐடி' என்று சுட்டும் இணைப்பை மாற்றாவிட்டால் வெறும் கட்டம் தெரியும், உண்மைதான். அது கண்ணுக்குத் தெரிகிற குறை, யாராவது சரிசெய்துவிடுவார்கள். எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்று சொல்லும் 'இன்-ரிப்ளை-டு' வரி பக்கத்தில் ஏறாமல் போவதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. அப்பா எழுதிய பதில்கள் கிடைத்திருந்தால் அதுவும் எனக்கு வலித்திருக்கும்.

இப்போது நான் ஓட்டும் நிரல் இருபது வரி தாண்டிவிட்டது. மூலக் கோப்பை பைட்டாகத் திறக்கிறது, ஒவ்வொரு பக்கத்தின் பக்கத்திலும் அதன் இ.எம்.எல்லை வைக்கிறது, சந்தேகம் வந்தால் நின்றுவிடுகிறது. எரிச்சலூட்டும் நிரல்.

போனவை பத்தொன்பது கடிதங்கள். அவற்றில் ஆங்கிலச் சொற்களும் எண்களும் மட்டும் முழுசாக இருக்கின்றன, ஏனென்றால் திஸ்கியின் கீழ்ப் பாதி ஆஸ்கிதானே. ஒன்றில் ஒரு வார்டு எண், ஒரு விமானத்தின் நேரம், நடுவில் நீளமாகக் கேள்விக்குறிகள். ஆனால் இடைவெளியும் கமாவும் அப்படியே நிற்பதால், எந்தச் சொல்லுக்கு எத்தனை கட்டம் என்று எண்ண முடிகிறது. அக்கா எண்ணினாள். திஸ்கியில் புள்ளி வைத்த மெய்க்கு ஒரு பைட், கொக்கிக்குத் தனியாக ஒரு பைட் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"முதல் சொல் நாலு கட்டம், அப்புறம் கமா. த, ம், ப, அதுக்கு மேல கொக்கி. 'தம்பி'னுதான்டா ஆரம்பிச்சிருக்காரு."

அடுத்த சொல் ஏழு கட்டம். அதில் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள்.