பாடாங் கோத்தாவில் ஒரு வரி

பாடாங் கோத்தாவில் பசெம்பூர் வாங்கிக்கொண்டு கடலோரமாக நடந்தவர்கள் அந்தப் போர் நினைவுத்தூணைப் பார்த்திருப்பீர்கள். முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்காக 1929இல் எழுப்பியது. இரண்டாம் போரில் சிதைந்துபோய், பிறகு திரும்பக் கட்டினார்கள். பின்னால் வந்த அவசரகாலம், இந்தோனேசிய மோதல் எல்லாம் அதில் சேர்ந்தன. சயாம்-பர்மா மரண ரயில்பாதைக்கும் ஒரு வரி உண்டு.

ரொம்ப நாள் அந்த வரி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் பாட்டியின் அண்ணன் அந்தப் பாதை போடப் போனவர். திரும்பவில்லை. இறந்த நாள் தெரியாததால் திதி கிடையாது. ஆடி அமாவாசைக்குப் படைக்கும்போது ஓர் இலை கூடுதலாகப் போடுவோம், அவ்வளவுதான்.

இப்போது ஒரு வாசகனாக நின்று படித்தால் அந்த வரி உறுத்துகிறது. அதில் இருப்பது ஆட்களைக் கொன்ற வேலையின் பெயர். செத்தவர்களின் பெயர் எங்கே?

சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்துக்குப் போய்ப் பாருங்கள். கல்லறை தெரியாத 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் சுவர்களில் இருக்கின்றன, இந்தியப் படையினர் உட்பட. காஞ்சனாபுரியில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் வரிசையாக அடங்கியிருக்கிறார்கள். ராணுவத்தில் ஆளுக்கொரு எண் இருந்தது. முகாம்களில் கைதிகள் இறந்தவர் பட்டியலை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். போர் முடிந்ததும் ஒரு குழு அந்தப் பாதை நெடுகப் போய்ப் புதைத்த இடங்களைத் தேடியது. ஆசியத் தொழிலாளர்களின் சாவோ இன்றைக்கும் வெறும் மதிப்பீடு. 90,000 என்பார்கள், அதற்கும் மேலே என்பார்கள். பாதையின் நீளம் மட்டும் 415 கிலோமீட்டர் என்று சுத்தமாகத் தெரியும். எஞ்சினியரான எனக்கு இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பதிவே இல்லாத ஜனங்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு. செக்ரோலில் பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. கூலிக்கு எண்ணத் தெரிந்தவர்களுக்குச் சாவை எண்ணத் தோன்றவில்லை.

சயாமைப் பற்றிய தன் நாவலுக்கு அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' என்று தலைப்பு வைத்தார். கேம்பஸில் படித்தபோது சாதாரணத் தலைப்பாகத் தெரிந்தது. இப்போது குற்றச்சாட்டு மாதிரி கேட்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும் கல் செய்யாததைத்தான் செய்தது. கற்பனைப் பேர்கள்தான், ஆனாலும் கூப்பிட ஒரு பேர் இருக்கிறதே.

2023இல் காஞ்சனாபுரியில் இந்தத் தொழிலாளர்களுக்கு நடுகல் வைத்தார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் நடுகல் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது போரில் விழுந்தவன். இவர்கள் சண்டைக்கா போனார்கள்? பிடித்துக்கொண்டு போனார்கள், இல்லை நல்ல சம்பளம் என்று நம்பிப் போனார்கள். அவர்களை மறவர்களாக்கினால்தான் நம்மால் மரியாதை செய்ய முடியும் என்றால், கோளாறு நம்மிடம்தான்.

பினாங்குத் தூண் பக்கத்தில் ஒரு பலகை போதும். குடும்பங்களிடம் கேட்டுக் கேட்டு, கிடைத்த பேர்களை எழுதலாம். நூறு கிடைத்தால் நூறு. கீழே இடம் விட்டுவைக்க வேண்டும்.

முதலில் நாமே கொடுப்போம் என்று போன வாரம் அம்மாவிடம் அவர் பேரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பாட்டி எப்பவும் 'உன் பெரிய மாமா'ன்னுதான்பா சொல்வாங்க."